முதல் முடி

"அக்கா, டீக்கடையில கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வந்துடறீங்களா? குழந்தைக்கு வேணும்னு சிஸ்டர் சொன்னாங்க."

பொய். சிஸ்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆதிலட்சுமி அக்கா என் வீட்டுக்காரருடன் பிறந்த மூத்தவர். வீட்டுக்காரர் டிரெயினிங்குக்காக மெட்ராஸ் போயிருந்ததால், அக்காதான் அடி அண்ணாமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரியில் எனக்குத் துணைக்கு வந்திருந்தார்.

"இதோ வாங்கிக்கினு வரேன். நீ பயப்படாத கான்வென்ட்டு. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார். கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது.

அவர் தலை மறைந்ததும், "இப்பப் பண்ணிடுங்க சிஸ்டர்" என்றேன்.

என் மகன் அருணகிரிக்குப் பத்து மாதம். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. கண் இரண்டும் குழியாகிவிட்டது. அழுதால் கண்ணீர்கூட வரவில்லை. உடனே குளுக்கோஸ் பாட்டில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கையிலும் காலிலும் குத்திக் குத்திப் பார்த்தும் நரம்பு கிடைக்கவில்லை.

"தலையிலதான் போட முடியும். ஒரு பக்கம் முடியை வழிச்சாகணும்" என்றார் சிஸ்டர் ராணியம்மாள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிரசவத்தில் நான் பிழைப்பேனா என்று கிடந்தபோது, பிறக்கிற குழந்தையின் முதல் முடியை அண்ணாமலையாருக்குத் தருவதாக வேண்டிக்கொண்டவர் ஆதிலட்சுமி அக்கா. தை பிறந்தால் மொட்டை. அதுவரை கத்தி படக்கூடாது. கண்ணில் விழுகிறதே என்று நான் ஒருநாள் லேசாக நறுக்கப் போனபோது அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"சாமி முடிடி அது! கத்திரிக்கோலைக் கீழ போடு!"

அவர் இங்கே இருந்தால் விடுவாரா? வாதாடி முடிப்பதற்குள் என் பிள்ளை...

வார்டு ஆயா குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் பிளேடை எடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாதாவையும் அண்ணாமலையாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. அங்கே ஊசியும் பிளாஸ்திரியும். தலைகீழாகத் தொங்கிய பாட்டிலில் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்திருந்தது.

"ஒண்ணுக்குப் போனா உடனே சொல்லும்மா. அதுக்கப்புறம் பயமில்லை" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பக்கத்துக் கட்டில் பொன்னி என் பக்கம் சாய்ந்தாள். "உன் நாத்தனார் வந்துட்டுப் போயிட்டாங்கம்மா."

"எப்போ?"

"பிளேடு போடச்சொல்லவே, அந்த நேரத்துலயே வந்துட்டாங்க. வாசப்படியில நின்னு பார்த்தாங்க. பிளாஸ்க்கை வச்சுட்டு விறுவிறுன்னு போயிட்டாங்க. நீதான் கண்ணை மூடிக்கினு இருந்தியே!"

கதவோரம் பிளாஸ்க் மட்டும் இருந்தது.

ஒன்பது மணிக்குப் போனவர். பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. வரவில்லை.

"நல்ல அத்தை! புள்ள இப்படிக் கிடக்கச்சொல்ல, முடிதான் பெரிசாப் போச்சா?" என்றாள் பொன்னி.

"படிக்காதவங்க. அப்படித்தான் இருப்பாங்க" என்றேன் நான். ஊசி நகர்ந்துவிடாமல் குழந்தையை மடியில் வைத்துப் பிடித்தபடி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று புடவை நனைந்தது. பாட்டில்தான் ஒழுகுகிறதோ என்று பதறிப் பார்த்தால், அருணகிரி!

"சிஸ்டர்! போயிட்டான்!" என்று நான் கத்தியதில் பொன்னி வாயில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள். "ஐயோ, ஒண்ணுக்குப் போயிட்டான்!" என்று திருத்திச் சொல்வதற்குள் நானும் அழுதுவிட்டேன்.

சிஸ்டர் சிரித்தார். டாக்டர் வந்து பார்த்து, தேறிவிடுவான் என்றார். எனக்கு இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு அக்கா இல்லை.

மதியம் ஒரு மணி இருக்கும். தலையில் முக்காடும் நெற்றி நிறைய விபூதியுமாக அக்கா உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குழந்தையிடம் போனார்.

"அக்கா, கண்டம் தாண்டிட்டான்னு சொல்லிட்டாங்க. ஆனா வேண்டுதலைக் கெடுத்துட்டேன்க்கா. எனக்கு வேற வழி தெரியலை. மன்னிச்சுடுங்க."

"ஒண்ணும் கெடலை. சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் வரேன்" என்றபடி குனிந்து, அவன் நெற்றியில் விபூதி இட்டார்.

முக்காடு நழுவியது.

சந்தனம் பூசிய மொட்டைத் தலை!

"அக்கா! என்ன இது?"

"கத்தாத, புள்ள முழிச்சுக்கும். இவன் தர வேண்டியதுல கொஞ்சம் கம்மியாப் போச்சில்ல? அதான் என்னுதை மொத்தமாக் குடுத்துட்டேன். அவருக்கு ஜாஸ்தியாத்தான் கிடைச்சிருக்குது."

பொன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ... என் மேல கோவம் இல்லையா அக்கா?"

"இல்லாம என்ன? நெறைய இருக்குது" என்றார். குரல் கம்மியது. "புள்ள தலையைப் புடிச்சுக்க அத்தக்காரி நான் இருக்கச்சொல்ல, என்னை ஏண்டி வெளிய அனுப்பின?"