வித்தியாசம் வந்தால்

"ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருந்தா ஒண்ணுமே வராது. வித்தியாசம் இருந்தாத்தான் வரி வரியா காட்டும்," என்றபடி பிராமியின் கணவன் ஜினேந்திரன் லேப்டாப்பின் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினான்.

பிராமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் செங்கம் ரோட்டிலிருந்து வீட்டுக்குள் வந்தது.

திரையில் எண்கள் மளமளவென்று கொட்டின.

"இவ்ளோ வித்தியாசமா? மிஷின் கோளாறா இருக்கப் போகுதுங்க!"

"இல்ல பிராமி, மறுபடியும் போட்டுப் பார்த்துட்டேன்." அவன் திரையைத் தொட்டுக் காட்டினான். "முதல் ஃபைல், நீ பேசாம இருந்தப்ப பாப்பா மூளை எவ்ளோ துடிச்சுதுன்னு டாக்டர் எடுத்த கணக்கு. ரெண்டாவது, நீ 'சுதா'னு கூப்பிட்டப்ப எடுத்தது."

பிராமி மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள். பிறவியிலேயே காது கேட்காத சுதர்சனாவுக்குப் போன மாதம்தான் காதுக்குள் கேட்புக் கருவி பொருத்தியிருந்தார்கள். அவளுடைய மூளை அம்மாவின் குரலைக் கேட்டுச் சிலிர்த்திருந்தது.