சிவக்காத பொடி

இந்தக் கிண்ணமும் சிவந்துவிட்டது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கையிலிருந்த சுண்ணாம்பு நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

போ, அதுவும் ஒட்டிக்கொள்ளட்டும்.

முகத்துக்குப் போடும் கிரீமுக்காகக் கஸ்தூரி மஞ்சள் தேடி ஊர் ஊராகச் சாம்பிள் வரவழைத்தாகிவிட்டது. வருவதெல்லாம் குழம்புக்குப் போடுகிற மஞ்சள். சுண்ணாம்பு பட்ட மாத்திரத்தில் குங்குமமாகிவிடுகிறது. அசல் சரக்கு அப்படிச் சிவக்காது. தோலில் மஞ்சள் ஏறாது. சந்தன நிறத்தில், லேசான கற்பூர வாசனையோடு இருக்கும்.

இத்தனைக்கும் குடியிருப்பது ஈரோட்டில். தெருவுக்குத் தெரு மஞ்சள் மண்டி. தும்மினால் மஞ்சள்தான் வரும். இங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு பிடி நல்ல மஞ்சளுக்குத் தவம் கிடக்க வேண்டியிருக்கிறது. நல்லா இருக்கிறது நியாயம்!

கேட்டால் ஆளுக்கொரு கதை.

அரைக்கிற மெஷின் சூட்டில் நிறம் மாறியிருக்கும் என்றார் ஒருவர். உங்கள் சுண்ணாம்பில்தான் கோளாறு மேடம் என்றார் இன்னொருவர். வேறொரு மகராசன் பொடிக்கு முன்னால் தரச் சான்றிதழை அனுப்பிவைத்தார். அதில் பொருளின் பெயர் சந்தனம் என்று போட்டிருந்தது.

வாயைத் திறந்தால் பொய். இவர்களுக்கெல்லாம் நாக்கு கூசவே கூசாதா?

போன மாதம் இப்படி ஒருத்தர் பேச்சை நம்பித்தான் கிரீம் கிண்டினாள். பார்லர் வைத்திருக்கும் லோகநாயகி அக்காவுக்குக் கொடுத்தாள். கல்யாணப் பெண் ஒருத்திக்குக் கன்னம் தடித்துப்போய்விட்டது. அந்தப் பெண் மேடையில் நிமிரவே இல்லையாம்.

அக்கா கத்திய கத்தலில் பார்லரே அடங்கிப்போனது. வெள்ளிக்கிழமைக்குள் நல்லதாகக் கொண்டு வா, இல்லையென்றால் கோயம்புத்தூர்க் கம்பெனியிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வேறு யாரும் தொடர்ந்து வாங்குவதில்லை. அந்த ஒரு பார்லர் போனால் அடுப்பை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

புதன்கிழமை தாளவாடி மலையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது.

யாரோ கொடுத்த நம்பர். மாதேவசாமி என்ற விவசாயி. சான்றிதழ் கேட்டதற்கு, அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க, மோந்து பாருங்க என்று சொல்லிவிட்டுத் தெரிந்த பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். டிரைவர் பஸ் ஸ்டாண்டில் அவளைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்தார். ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பொடி சந்தன நிறத்தில் இருந்தது.

சுண்ணாம்பு போட்டாள்.

சிவக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் போட்டாள். சூடு கண்ட பிறகு எதைத்தான் நம்புவது? பொடியைக் குழைத்து முழங்கை மடிப்பில் பூசிக்கொண்டு ஒரு நாள் பொறுத்துப் பார்த்தாள். எரிச்சல் இல்லை. அரிப்பு இல்லை. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

அடக் கடவுளே, உலகத்தில் ஒரு மனுஷராவது மிச்சம் இருக்கிறாரே!

அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிரீம் கிண்டினாள்.

வெள்ளிக்கிழமை லோகநாயகி அக்கா டப்பாவைத் திறந்தாள். விரலால் எடுத்துப் புறங்கையில் தேய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"ஏங்கண்ணு, மஞ்சளையே காணோம்?"

அவள் சொல்லிப் பார்த்தாள். அசல் இப்படித்தான் இருக்கும் அக்கா. நிறம் ஏறாது. மோந்து பாருங்கள். பொடியையும் சுண்ணாம்பையும்கூடக் கையோடு கொண்டுபோயிருந்தாள். பார்லர் மேஜையிலேயே குழைத்துக் காட்டினாள்.

அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் நான் சுண்ணாம்பு குழைச்சுக் காட்டிட்டு நிக்கறதா? மஞ்சள் கிரீம்னா மஞ்சளா இருக்கோணும் கண்ணு. போன தடவை எரிஞ்சாலும் மஞ்சளாவாச்சும் இருந்துச்சு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

வீட்டுப் படி ஏறும்போது போன் அடித்தது.

மாதேவசாமி.

"ஏனுங்கம்மா, சரக்கு வந்துச்சுங்களா? புடிச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. வெளிய யாருக்கும் குடுக்காம உங்களுக்கே எடுத்து வெச்சிடறேன்."

நன்றாக இருந்தது என்று சொல்லலாம். அப்புறம் ஏன் வேண்டாம் என்று கேட்பார். அசலாக இருப்பதால் விலைபோகாது என்று எந்த வாயால் சொல்வது? மட்டமான சரக்கு என்று சொல்லவோ நாக்கு எழவில்லை.

பையின் கைப்பிடி விரலை அறுத்தது. எல்லாரும் ஒழியட்டும் என்றிருந்தது. இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தால் போதும்.

"இன்னும் வரலைங்க."

"வரலைங்களா? என் கையாலதான டிரைவர்கிட்ட குடுத்தேன். இத்தனை வருஷமா அவன்கிட்டத்தான் குடுத்தனுப்பறேன். ஒண்ணுகூட தவறுனதில்லீங்களே."

அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, உங்களை அலைய விட்டுட்டேன். சாயங்காலம் பஸ் மலைக்குத் திரும்பி வரும். ஊர் முன்னாடியே அவனை நிறுத்திக் கேட்டுப்போடறேன்."

"சரிங்க" என்றாள் அவள்.