எட்டிப் பார்க்கும் ஜன்னல்

“இந்த ஜன்னல்ல நின்னா எங்க அடுப்புல என்ன கொதிக்குதுன்னு தெரியுது சார்! நாங்க எப்படிக் குடித்தனம் பண்றது?”

பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழிருந்து கத்தினாள். பாதி எழும்பிய மாடி அறையில், ஜன்னலுக்காக விட்டிருந்த ஓட்டையருகே நின்ற பல் டாக்டருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது.

“நாள் பூரா ஊரார் வாய்க்குள்ள எட்டிப் பார்க்கறேன். உங்க அடுப்புக்குள்ள வேற எட்டிப் பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?”

புகாரை விசாரிக்க வந்த கட்டட அதிகாரி, எதையும் காதில் வாங்காமல் டேப்பை நீட்டி அளந்தார்.

“ரெண்டு மீட்டர் இடைவெளி வேணும் டாக்டர். ஒன்றரைதான் இருக்கு. ஜன்னலை அடைச்சிடுங்க.”

“சரி, அடைச்சுத் தொலைக்கறேன்.”

“ஆனா, ஜன்னல் இல்லாத ரூம்ல ஆள் தங்கக் கூடாது.”

“வேற பக்கம் ஜன்னல் வைக்கறேன்!”

“எங்க வைப்பீங்க? ஒரு பக்கம் படிக்கட்டு, ஒரு பக்கம் தண்ணித் தொட்டி, ஒரு பக்கம் பின் வீட்டுச் சுவர். பேசாம தட்டுமுட்டுச் சாமான் போட்டுக்கங்க.”

அந்த அறை டாக்டருடைய அண்ணனுக்காக. தம்பியை வளர்த்து ஆளாக்கிய, ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். இனி நிரந்தரமாக இங்கேயே இருக்க வரப்போகிறவர். போன தடவை வந்திருந்தபோது வீட்டையே விசில் ஊதி எழுப்பினார். பல் டாக்டரை வரிசையில் நிற்கவைத்துப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்.

“பெரியவரை நினைச்சாதாங்க எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது” என்று டாக்டரின் மனைவி மூக்கை உறிஞ்சினாள். பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “நாசமாப் போறவங்க! நல்லா இருக்கவே மாட்டாங்க!” என்றாள்.

“அந்த வீட்ல யாராவது பல் வலின்னு வரட்டும், மரத்துப்போற ஊசி போடாமலே பிடுங்கறேன்” என்று டாக்டர் பல்லைக் கடித்தார்.

அண்ணனுக்குப் போன் செய்தபோது குரல் தழுதழுத்தது.

“சட்டம்னா சட்டம்தான்டா. நான் தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கறேன். அழாதே, நெஞ்சை நிமிர்த்து!” என்றார் அண்ணன்.

சாயங்காலம் டாக்டர் தனியாக மாடிக்கு வந்து நின்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் கிசுகிசுப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தார். அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரியும்.

“ரொம்பக் கத்திட்டேனா அக்கா? டாக்டர் மூஞ்சியே தொங்கிப்போச்சு.”

“பிரமாதமாக் கத்தினே! அந்த அடுப்பு விஷயம் நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே, எங்கேருந்து பிடிச்சே? பெரியவர் தங்கச்சி வீட்டுக்குப் போறாராம்.”

“அப்பாடா! அடுத்த மாசம் எங்க வீட்டுக்காரர் அவரோட சித்தப்பாவுக்கு மாடியில ரூம் கட்டறார்க்கா. உங்க பக்கம்தான் ஜன்னல். நீங்களும் இதே மாதிரி புகார் கொடுத்துக் கத்தணும்.”

“நான் எதுக்குடி தொண்டையைக் கெடுத்துக்கணும்? உன் மேல இருக்கற கோபத்துக்கு, எங்க வீட்டுக்காரரே ஓடிப்போய்ப் புகார் கொடுத்துட்டு வந்துடுவார்!”