சோத்துத் தட்டு ஸ்டீல்

"இது இன்னா கத்தியா, சோத்துத் தட்டா? ரெண்டாயிரத்து நானூறு ரூபா குடுத்துக்கீறோம்!"

வெற்றி கத்தியை மேசைமேல் போட்டான். முந்தின நாள் அவன் மனைவி மலர் இந்தக் கடையில்தான் அதை வாங்கி வந்திருந்தாள். காசிமேட்டில், படகு வேலைக்கான கத்தியும் கயிறும் விற்கிற கடை. இத்தனை நாள் எண்ணூரில் சின்ன ஃபைபர் படகு ஓட்டியவன், நாளை விடியற்காலை முதல்முறையாகப் பெரிய லாஞ்சில் போகிறான். பத்து நாள் கடல்.

கடை வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. இன்னொன்றை நாய் தூக்கிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே ஏறியிருந்தான். மேசைக்குப் பின்னால், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத மின்விசிறிக்குக் கீழே, கடைக்காரர் ஜெயவேல் உட்கார்ந்திருந்தார்.

"கத்தில இன்னா தப்பு?"

"இஸ்டீலு தப்பு. யூடியூப்ல பாத்தேன். முன்னூறு ரூபா கத்தில போடற மட்டமான எவர்சில்வரு. நாலு ரோப்பு அறுத்தேன், கூரு போச்சு."

"சாணைல நாலு இழுப்பு இழு. வந்துடும்."

"கால்ல ரோப்பு சுத்திகினு கடலுக்குள்ள இழுக்கும்போது, சாணைக்கல்லு தேடிகினு நிப்பனா? மூணு எண்றதுக்குள்ள அறுக்கணும் அண்ணாத்த. என் பொண்ணுக்கு இப்பதான் ஒரு வயசு."

ஜெயவேல் தலையில் அடித்துக்கொண்டார். "காலைல ரெண்டு நிமிசம் தேய்ச்சா அன்னிக்குப் பூரா அறுக்கும் நைனா. எத்தினி பேருக்குத்தான் சொல்றது?"

"அப்ப ரெண்டாயிரத்து நானூறு எதுக்கு? உன் மூஞ்சிக்கா?"

"பிடிக்கு. மீன் கொழுப்பு கையோட புடி, வழுக்காது. அலகு பிடிக்குள்ள கடைசி வரிக்கும் ஒரே துண்டா ஓடுது. உறைல கீழ ஓட்டை கீது பாரு, தண்ணி வடியறதுக்கு. இஸ்டீலு மட்டும்தான் மலிவு. ஆனா உப்புத் தண்ணிக்குத் துரு புடிக்காது."

"துருவா? நான் தொடச்சு எண்ண போட்டு வெச்சுக்குவேன்."

"கடல்ல தூங்கறதுக்கே நேரம் கெடைக்காது. இவரு எண்ண போடுவாராம்! கரைல நிக்கிற வரிக்கும் எல்லாரும் இத்தான் சொல்றீங்க."

"உன்கிட்ட ஞாயம் பேச வர்ல. நல்ல கார்பன் இஸ்டீலு கத்தி கீதா, இல்லியா?"

ஜெயவேல் சுவரோரம் இருந்த அலமாரியைக் கைகாட்டினார். "கீது. அலமாரில மேல் தட்டு. மஞ்சத் துணில சுத்தி வெச்சுக்கீறேன். எடு."

"நீ எடுத்துக் குடுக்க மாட்டியா? கடைக்காரன் நீயா, நானா?"

"உனக்குத்தான அவசரம். எடு."

சோம்பேறி என்று முணுமுணுத்துக்கொண்டே வெற்றி எடுத்தான். தடித்த தோல் உறை. கருங்காலிப் பிடியில் பித்தளை ஆணிகள். கையில் வைத்ததுமே அவன் குரல் இறங்கிவிட்டது.

"இத்த மொதல்லயே காட்டக் கூடாதா? இன்னா ரேட்டு?"

"ஃபாரின் இஸ்டீலு. வாங்கும்போதே ஏழாயிரம். நீ சும்மா எடுத்துக்க."

"கலாய்க்கிறியா?"

"சத்தியமா. உறைலேர்ந்து உருவு, எடுத்துனு போ. மூணு எண்ணுவேன். ஒண்ணு..."

வெற்றி இழுத்தான். கத்தி அசையவில்லை.

"ரெண்டு..."

உறையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தான். நெற்றி நரம்பு புடைத்தது.

"மூணு."

உறையின் வாயிலிருந்து பழுப்பாகக் கொஞ்சம் துருத்தூள் மட்டும் தரையில் கொட்டியது.

"இன்னாயா இது, ஒட்டிகினு கீது?"

"அன்னிக்கும் இப்பிடித்தான் ஒட்டிகினு இருந்திச்சு. உள்ள கூரு அப்பிடியே கீது, கவலப்படாத."

ஜெயவேல் மேசையைப் பிடித்து எழுந்து, சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் கிடந்த செருப்புக்கு ஜோடியே தேவையில்லை என்று வெற்றிக்கு அப்போதுதான் தெரிந்தது.