நாற்காலியைப் பற்றி ஒரு வரி

ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் ஏறி என் மருமகளின் விரல்வரை வந்துவிட்டது. அவளுடைய தேநீரில் ஆடை படிந்து கிடக்கிறது. நவீன தத்துவஞானி ஒருவரின் சிந்தனைகளைப் பற்றிய இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையை மூன்று மாதமாகச் சீர்செய்கிறாள். ஆதாரமில்லாத வரிகள் இருப்பதாகச் சொல்லி கலைக்களஞ்சியத்தின் சரிபார்ப்பாளர்கள் இருமுறை திருப்பிவிட்டார்கள். இன்னொரு முறை திரும்பினால் அத்தனை உழைப்பும் குப்பைக்குத்தான். இப்போது அவள் கண் ஒரு வரியில் குத்திட்டு நிற்கிறது: ‘நாற்காலியை விட்டு எழுந்தவனுக்கே நாற்காலி புரியும்.’ பத்து வருடங்களுக்கு முன், இடுப்புப் பிடித்திருந்த ஒரு நாளில், சும்மா இருக்கமாட்டாமல் அந்த வரியை இட்டுக்கட்டி அங்கே செருகியவன் நான்தான். “இதுக்கு மட்டும் ஆதாரத்தக் காணோமே” என்று முணுமுணுத்தபடி, அந்தத் தத்துவஞானியைப் பற்றிப் போன வருடம் வெளிவந்த தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டுகிறாள். தாள்கள் சரசரக்கின்றன. மின்விசிறி கடகடக்கிறது. சட்டென்று நிமிர்கிறாள். “கிடைச்சிருச்சு மாமா! ஒரு பேராசிரியர் இந்த வரிக்குன்னே தனி அத்தியாயம் எழுதியிருக்கார். மொத்தத் தத்துவத்துக்கும் இதுதான் சாவியாம்.” வரியைத் தூக்கிக் கட்டுரையின் உச்சியில் வைக்கிறாள். “அம்மாடி, அவர் இந்தக் கட்டுரையப் பாத்துத்தான் எழுதியிருப்பார். அது நான் எழுதின வரி.” அவள் திரும்பவேயில்லை. “முதலைகிட்ட சீட்டாட்டத்துல தோத்தேன்னு சொன்னதும் நீங்கதானே மாமா?” “இது நிஜம்மா!” “சரி, ஆதாரம் இருக்கா?” முதலை விஷயத்துக்காவது என் மச்சான் சாட்சி. இதற்கு ஒருவருமில்லை. அவள் விரல் ‘சமர்ப்பி’ பொத்தான்மேல் இறங்குகிறது.