அக்கா பெயரில் ஒரு வண்டி

"இவங்கள வண்டியில ஏத்திக் காட்டுங்க சார்" என்றார் வரி அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள்.

காலை எட்டரை மணி. வாசலில் வண்டி. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அக்கா. வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், கையில் சாவியோடு நான்.

வண்டி அக்கா பெயரில் இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கென்று வாங்கினால் சாலை வரி கிடையாது; அவர்களுக்காகத்தான் ஓடுகிறதா என்று எப்போதாவது வந்து பார்ப்பார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் அதற்காகத்தான் அவளிடம் தாளை நீட்டினேன். "ஒரு கையெழுத்துதானேக்கா" என்றேன். எதற்கென்றுகூடக் கேட்காமல் போட்டாள்.

அதைத் தப்பென்று நான் நினைத்ததே இல்லை. குண்டும் குழியுமாகக் கிடக்கிற சாலைக்கு எதற்கு வரி என்று வேலையிடத்தில் மணிக்கணக்காகப் பேசுவேன். சம்பளத்தில் பிடிக்கிறான், பெட்ரோலில் பிடிக்கிறான், பாலத்தைத் தாண்டினால் அதற்கும் பிடிக்கிறான் என்பேன். எனக்கு அங்கே 'நியாயம்' என்றே பட்டப்பெயர்.

குனிந்து அக்காவைத் தூக்கப் போனேன். ஒரு கையை முதுகுக்குக் கொடுத்தேன். இன்னொரு கையை எங்கே கொடுப்பதென்று தெரியவில்லை.

"முட்டிக்கு அடியில" என்றாள், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

எடையே இல்லை. அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முன் இருக்கையில் உட்காரவைத்து, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தேன்.

நாற்காலியை எங்கே வைப்பீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். டிக்கியைத் திறந்தேன். நான் விற்கிற தண்ணீர் வடிகட்டிகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடைத்துக் கிடந்தன. ஒரு கைப்பைக்குக்கூட இடமில்லை.

அக்கா முந்திக்கொண்டாள். "இன்னைக்கு இவனுக்கு வெளி வேலை மேடம். அதான் சாமான் ஏத்தியிருக்கான்."

"சரி, நாற்காலிய மடக்கியாவது காட்டுங்க."

இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினேன். மசியவில்லை. கீழே இருந்த ஒரு கம்பியை இழுத்தேன். நாற்காலி நகர்ந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது.

"நடுவுல சீட்டத் தூக்குடா, தானா மடங்கிடும்" என்றாள் அக்கா. பிறகு அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். "புது நாற்காலி. இவனுக்கு இன்னும் பழகல."

அதன் கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு கறுத்துப்போயிருந்தது.

அந்த அம்மாளின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

"கடைசியா தம்பி உங்கள எங்கம்மா கூட்டிட்டுப் போனாரு?"

அக்கா யோசிக்கவே இல்லை. "போன ஞாயித்துக்கிழமை. கடலுக்கு. தண்ணி கால்ல படுற வரைக்கும் தூக்கிட்டுப் போனான் மேடம். எனக்குக் கால்ல உணர்ச்சி கெடையாது. இருந்தாலும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

போன ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனது உண்மைதான். நான், என் மனைவி, பிள்ளைகள் இருவர். திரும்பி வந்ததும் பிள்ளைகளின் துணியிலிருந்து மணலை உதறி அலசிப் போட்டவள் அக்கா.

அவள் நிறுத்தவில்லை. மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரி என்றாள். வெயில் தாழ்ந்தால் பூங்கா என்றாள். பழைய சிநேகிதி ஒருத்தியின் வீடு என்றாள்.

எல்லாம் எனக்குத் தெரிந்த இடங்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் என்னைக் கேட்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நான், "அடுத்த வாரம் பாக்கலாம்க்கா" என்று சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு அவள் வாடகை வண்டியில்தான் போய் வந்தாள்.

திறந்து கிடந்த டிக்கியை மூடினேன்.

அந்த அம்மாள் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"நல்ல தம்பிம்மா உங்களுக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை.

அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்வரை அக்கா சிரித்த முகமாகவே இருந்தாள். அவள் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு நான் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன்.

அவள் கை கதவில் எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தது.

"இந்தக் கண்ணாடிய எப்படிடா எறக்குறது?"

சாவியைத் திருப்பி, பொத்தானைக் காட்டினேன். இறக்கினாள். ஏற்றினாள். மறுபடியும் இறக்கினாள்.

"எங்கக்கா போகணும்?" என்றேன். கடல் என்பாள் என்று நினைத்தேன்.

"வெளியாளுக்கு முன்னாடி உன்ன விட்டுக்கொடுக்க மனசு வரல" என்றாள், தெருவைப் பார்த்தபடி. "அந்தம்மா ஆபீசுக்கு விடு. நீயே உண்மையச் சொல்லிடு. நான் கூட இருக்கேன்."

நான்கு வருடத்தில் அக்கா அந்த வண்டியில் முதன்முதலாகப் போன இடம் அதுதான்.