பாடத்தில் இல்லாத பிடி

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு நீல ரப்பர் பாயில் கோடு கோடாகக் கிடக்கிறது. கராத்தே மாஸ்டர் தையல்கார அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, தன் கட்டைவிரல் முடிகிற இடத்தைக் காட்டுகிறார். "பிடியில இதுதான் பலவீனம். இழுக்காதீங்க, இந்தப் பக்கமா திருப்புங்க." அவள் இழுக்கிறாள். என்னோடு ஜோடி சேர்ந்தபோதும் அப்படித்தான் இழுத்தாள். கத்தரி பிடித்துக் காய்த்த கைக்கு இதுகூடவா வராது என்று எனக்கு எரிச்சல். வாசலோர பெஞ்சில், மடியில் ஹெல்மெட்டோடு அவள் கணவர் மாஸ்டரின் விரல்களையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹெல்மெட் வாரின் கொக்கி டக், டக்கென்று திறந்து மூடுகிறது. மாஸ்டருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "சார், நீங்களே வந்து பிடிங்களேன்," என்கிறார். கணவர் செருப்பைக் கழற்றாமலே பாயில் ஏறி, மணிக்கட்டை விட்டுவிட்டு, பின்னாலிருந்து அவளுடைய மேற்கையைப் பற்றுகிறார். யோசித்துச் செய்த மாதிரி இல்லை. கை தானாகப் போய் அங்கே உட்காருகிறது. அக்கா முழங்காலை மடக்கித் தணிந்து, தோளைச் சுழற்றி, கண் மூடித் திறப்பதற்குள் விடுபட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறாள். "பரவாயில்லையே, நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்று கணவர் சிரிக்கிறார். மாஸ்டர் சிரிக்கவில்லை. "இந்தப் பிடிய நான் இன்னும் சொல்லியே தரலையே சார்." அக்கா ஏறிப்போன சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்கிறாள். இப்போது மாஸ்டர் கணவரின் விரல்களையே பார்க்கிறார். கணவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார்.